கப்பல் வயர்

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி மாதம், திருவெம்பாவைக் காலம். மல்லாகத்தில் தங்கை பெற்ற குழந்தையைப் பார்த்துவிட்டு, குணலட்சுமி தன் மகன் பஞ்சலிங்கத்தோடு மாட்டுவண்டியில் உரும்பிராய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தார். புறப்படும்போது வானம் வெளித்துத்தான் இருந்தது. சுன்னாகம் வருமுன் மழை பிடித்துக்கொண்டது. பிடித்த மழை விடவில்லை. வண்டி அச்சுக்குக் கீழே கட்டியிருந்த அரிக்கன் லாம்பு ஒருதரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. பஞ்சலிங்கத்தின் மடியில் இருந்த நெருப்புப்பெட்டி கூழாகிப்போயிருந்தது. பொழுதும் பட்டுவிட்டது.

காங்கேசன்துறை வீதி சீமெந்து லொறிகள் ஓடுகிற வீதி. பின்னால் வருகிறவனுக்குக் கறுத்த வண்டியும் கறுத்த ரோட்டும் ஒன்றுதான். வைக்கோலில் பின்பக்கம் பார்த்து இருந்த குணலட்சுமி, ஒவ்வொரு இரைச்சலுக்கும் “பிள்ளையாரே” என்று வண்டிச் சட்டத்தைப் பிடித்தார். ஒரு லொறி ஒரு முழ இடைவெளியில் விலத்திக்கொண்டு போயிற்று. இருபத்திரண்டு வயதுப் பஞ்சலிங்கத்துக்கு மாட்டை விரட்டவும் பயம், நிறுத்தவும் பயம்.

அப்போது வடக்குநோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு சைக்கிள்காரர் வண்டியைக் கடந்தார். கடந்தவர் கொஞ்சத் தூரம் போய்ச் சைக்கிளைத் திருப்பினார். திரும்பி வந்து வண்டிக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார். அவருடைய சைக்கிளின் பின் மட்காட்டில் ஒரு சின்னச் சிவப்பு லைற் இருந்தது. டைனமோவில் எரிகிற லைற். டைனமோவுக்கு ஒரு குணம் உண்டு. சில்லு விசையாகச் சுற்றினால்தான் அது எரியும். மாட்டின் நடைக்கு மிதித்தால் வெளிச்சம் செத்துப்போகும். ஆகவே அந்த மனிதர் நேரே வரவில்லை. ரோட்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் பாம்புபோல் நெளிந்து நெளிந்து, மூச்சிரைக்க மிதித்துக்கொண்டு வந்தார். பின்னால் வந்த லொறிகளெல்லாம் அந்தச் சிவப்பைக் கண்டு வேகத்தைக் குறைத்தன.

“தம்பி, ஏன் ராசா எங்களோடை நனையிறியள்? முந்திக்கொண்டு போங்கோவன்,” என்றார் குணலட்சுமி.

“எனக்கும் உந்தப் பக்கந்தான் வேலை, அக்கா. நீங்கள் ஆறுதலாப் போங்கோ.”

ஒன்றரை மணித்தியாலம் அப்படி வந்தார். மருதனார்மடத்தில் வண்டி திரும்ப, அவரும் திரும்பினார். உரும்பிராய்ச் சந்தியில் கடை வெளிச்சம் தெரிந்ததும் இறங்கி, வேட்டித் தலைப்பைப் பிழிந்தார். “அப்ப நான் போட்டு வாறன் அக்கா,” என்றார். பிறகு வந்த வழியே, அதே மழைக்குள், திரும்பிப் போனார்.

குணலட்சுமி அந்தச் சிவப்பு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பிள்ளைக்கு இஞ்சாலை ஒரு வேலையும் இல்லையடா, பஞ்சலிங்கம்,” என்றார்.

அந்தச் சைக்கிள்காரர்தான் முத்துக்குமாரு.

அவர் காங்கேசன்துறைக்குக் கிழக்கே, கரையோரத்துக் கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவர். மூன்றாம் வகுப்புக்குமேல் படிக்கவில்லை. தகப்பன் நாகபட்டினத்திலிருந்து ஓடு ஏற்றிவந்த பாய்க்கப்பலோடு போனவர். கப்பலும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அதற்குப் பிறகும் முத்துக்குமாரு கடலுக்குத்தான் போனார். கப்பலிலே விளக்குப் பார்க்கிற வேலை. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அவர் கடைசியாகப் போன மரக்கப்பலுக்கு எஞ்சினும் டைனமோவும் பூட்டி, மின்விளக்கும் போட்டிருந்தார்கள். வயர் பிடிக்கிற வேலையை அவர் அந்தக் கப்பலில்தான் பழகினார். பிறகு கப்பல் ஓட்டம் குறைந்தது. சில காலம் சீமெந்து ஆலையில் வேலை செய்தார். ஐம்பத்தொன்பதில் மனைவி கமலாவதியையும் கூட்டிக்கொண்டு உரும்பிராய்க்கு வந்து, சந்திக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு இலுப்பை மரத்துக்குக் கீழே கிடுகுக் கொட்டில் போட்டார். அந்தச் சைக்கிளைக் கண்ட அன்றே குணலட்சுமி ஆளை அடையாளம் பிடித்துவிட்டார்.

அந்தக் காலத்தில்தான் செம்மண் தோட்டங்களுக்கு ஒவ்வொன்றாக உழவு இயந்திரங்கள் வரத் தொடங்கின. இயந்திரம் வந்தால் அதன் பின்னால் கொளுவி இழுக்கிற பெட்டியும் வரும். பெட்டியில் வெங்காயம் ஏறும், எரு ஏறும், நல்லநாள் பெருநாளென்றால் ஆட்களும் ஏறுவார்கள். பெட்டிக்குப் பின்னால் லைற் வேண்டும். முத்துக்குமாருவின் பிழைப்பு அதுதான்.

முதல் பெட்டியிலேயே அவர் ஊர் சிரிக்க ஒரு பிழை விட்டார். அது கடைக்காரத் தியாகராசாவின் பெட்டி. வயர் எல்லாம் திறமாகப் பிடித்தார், லைற்றெல்லாம் நன்றாக எரிந்தது. ஆனால் இடப்பக்கம் சிவப்புக் கண்ணாடியும் வலப்பக்கம் பச்சைக் கண்ணாடியும் பூட்டி அனுப்பிவிட்டார். இருபது வருசம் பழகிய கை அல்லவா? கோப்பாயடியில் பொலிஸ் சார்ஜன்ற் மறித்து, பெட்டியைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்தாராம்.

“ஏன் காணும், இது எந்தத் துறைமுகத்துக்குப் போற கப்பல்?” என்று கேட்டாராம்.

தியாகராசா இந்தக் கதையைக் கடைக்கு வருகிற போகிற எல்லோருக்கும் சொன்னார். அன்று தொடங்கி முத்துக்குமாரு ஊருக்குக் ‘கப்பல்காரன்’ ஆனார். அவர் கோபிக்கவில்லை. யாராவது கேட்டால் தானே முந்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பார். “நல்லகாலம், நங்கூரம் பூட்டேல்லை,” என்பார்.

ஆனால் வேலையில் விளையாட்டில்லை. லைற் பார்க்கிறதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஒரு பல்பிலே இரண்டு வயரைப் பற்றவைத்து, ஒரு வயர் நுனியில் ஆணி ஒன்றைக் கட்டி வைத்திருப்பார். அதுதான் அவருக்கு டொக்டர்மாரின் குழாய் மாதிரி. அதை வைத்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்ப்பார். பிறகு அவர் ட்ரக்டரில் ஏறி இருக்க, கமலாவதி பெட்டிக்குப் பின்னால் போய் நிற்பார். உச்சி வெயிலில் லைற் எரிகிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்காகக் கமலாவதி ஒரு வெங்காயச் சாக்கைத் தலைக்கும் லைற்றுக்கும் சேர்த்துப் போர்த்துக்கொண்டு உள்ளிருந்து குரல் கொடுப்பார்.

“வலம் எரியுது! இடம் எரியுது! பிறேக்கை அமத்துங்கோ! ஓம், எரியுது!”

பஸ்ஸுக்கு நிற்கிற சனம் சாக்குக்குள்ளிருந்து வருகிற அந்தக் குரலைக் கேட்டுச் சிரிக்கும். கமலாவதிக்கு அதில் வெட்கமில்லை. “சிரிக்கிற ஆக்கள் வந்து பிடியுங்கோ சாக்கை,” என்பார்.

பிறகு முத்துக்குமாரு பெட்டியை மேடு பள்ளத்தில் மூன்று சுற்று ஓட்டச் சொல்லுவார். ஓடி வந்தபிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பார். “நிண்டு எரியிறது லைற்றில்லை. குலுங்கி எரியவேணும்,” என்பார். கடைசியாகப் பெட்டிக்காரனையே இறக்கிப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவார். “உன்ரை முதுகை நீ ஒருநாளும் காணமாட்டாய். இண்டைக்கு ஒருக்கா வடிவாப் பார்,” என்பார்.

முதல் ஓட்டத்துக்குத் தேங்காய் உடைத்து, சில்லுக்கு எலுமிச்சங்காய் வைப்பது வழக்கம். அவரும் கும்பிட்டு நிற்பார். ஆனால் யாராவது சந்தனத்தைக் குழைத்து லைற் கண்ணாடியிலே அப்பப் போனால் கையைப் பிடித்துவிடுவார். “சட்டத்திலை பூசுங்கோ. வெளிச்சத்தை மறைக்கச் சொல்லி எந்தச் சாமியும் கேட்கேல்லை.”

எழுபத்தொன்று கார்த்திகையில் பஞ்சலிங்கத்தின் தகப்பனார் நமசிவாயம் காலமானார். அடுத்த ஆடி அமாவாசை, அவருக்கு வருகிற முதல் ஆடி அமாவாசை. கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடி, தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கவேண்டும். அந்த வருசந்தான் பஞ்சலிங்கம் ட்ரக்டருக்குப் புதுப் பெட்டி எடுத்திருந்தார். அயலிலே தகப்பனை இழந்த பதினெட்டுப் பேர், “உன்ரை பெட்டியிலை நாங்களும் வாறம் தம்பி,” என்று சொல்லிவைத்தார்கள். அன்றைக்குப் பஸ்ஸிலே கால் வைக்க இடம் கிடையாது. பெட்டி ஓடாவிட்டால் பதினெட்டுக் குடும்பத்தின் கடன் தவறும்.

குணலட்சுமி வேறொரு கதை கதைத்தார். அந்த மார்கழி மழைக்குப் பிறகு அவர் இருட்டில் எந்த வண்டியிலும் ஏறியதில்லை. பஸ்ஸில்கூட ஏறியதில்லை. கீரிமலைக்கோ விடியப்புறம், கிழக்கு வெளிக்க முன்னம் வெளிக்கிட வேண்டும்.

“அந்தச் சைக்கிள்காரத் தம்பி வந்து ‘எரியுது’ எண்டு சொன்னா ஏறுவன். இல்லாட்டி நான் நடந்து போவன்.”

“ஒன்பது கட்டைத் தூரம் அம்மா!”

“உன்ரை கொப்பருக்கு நான் நடக்கமாட்டனோ?”

அம்மா சொன்னால் செய்கிறவர் என்று பஞ்சலிங்கத்துக்குத் தெரியும். அறுபது வயது முழங்காலோடு அவர் இருட்டுக்குள் ரோட்டோரமாக நடந்து வர, மகன் பெட்டியில் ஊராட்களை ஏற்றிக்கொண்டு போவதா?

ஆகையால் அமாவாசைக்கு முதல்நாள் காலையிலேயே முத்துக்குமாருவைக் கூப்பிட்டார். முத்துக்குமாரு மத்தியானம்வரை நின்று வயர் பிடித்தார். பின்லைற்றுக்கு ஒன்று, பிறேக்குக்கு ஒன்று, இடம் திரும்புகிற லைற்றுக்கு ஒன்று, வலம் திரும்புகிற லைற்றுக்கு ஒன்று என நாலு வயர். அவரிடம் இருந்த வயர் அதோடு முடிந்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் லேசில் கிடைக்காது, வயரைப் பவுண்போல வைத்துப் பாவிப்பார்கள். பிடித்து முடித்து, மூன்று சுற்று ஓட்டி, சாக்குக்குள் புகுந்து பார்த்து, “இனி யோசியாதை,” என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னேரம் ஆறு மணி பஸ்ஸில் அவரும் கமலாவதியும் கீரிமலைக்குப் போக இருந்தார்கள். கடலோடு போன தகப்பனுக்கு அவரும் தண்ணீர் இறைக்க வேண்டுமே.

குணலட்சுமியின் தம்பி இளையதம்பி, பஞ்சலிங்கத்தின் அம்மான், வாய் கொஞ்சம் நீளமான மனிதர். மனம் கெட்டதில்லை. “கப்பல்காரனிட்டையோ குடுத்தனி வேலையை? பார், நாளைக்குப் பெட்டி கீரிமலைக்குத் திரும்பாது. நேரை நாகபட்டினந்தான்!” என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பஞ்சலிங்கம் கிணற்றடியிலிருந்து வந்து, இன்னுமொருதரம் பார்ப்போமென்று லைற்றைப் போட்டார். பின்லைற் எரிந்தது. பிறேக்கை அமத்தினார். பிறேக் எரியவில்லை, எரிந்த பின்லைற்றும் மங்கிப்போயிற்று. வலப்பக்கம் போட்டார். இடப்பக்கம் துடித்தது. இடப்பக்கம் போட்டார். இரண்டும் மின்மினிபோல் கிடந்து சாகப்பார்த்தன.

“சொன்னனான் கேட்டியோ? வலத்தைப் போட இடம் எரியுது. உது கப்பல் வேலைதான்!” என்று இளையதம்பி தொடையில் தட்டினார்.

உள்ளே எள்ளுப் புடைத்துக்கொண்டிருந்த குணலட்சுமி சுளகை வைத்தார். நடந்து போகிறதற்குச் செருப்பு எங்கே என்றுமட்டும் மருமகளிடம் கேட்டார்.

அந்தச் சொல் பஞ்சலிங்கத்தைச் சுட்டுவிட்டது. அவர் ட்ரக்டரில் ஏறினார். “நானும் வாறன், கப்பல்காரன்ரை முகத்தைப் பாக்கவேணும்,” என்று இளையதம்பியும் பெட்டிக்குள் ஏறிக்கொண்டார்.

இலுப்பையடியில் முத்துக்குமாரு தோய்ந்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியோடு நின்றார். கமலாவதியின் கையில் பன்பை. உள்ளே தர்ப்பையும் எள்ளும் மாற்று உடுப்பும்.

“அண்ணை, ஒண்டும் எரியேல்லை,” என்றார் பஞ்சலிங்கம். “அம்மா நடக்கப்போறாவாம்.”

முத்துக்குமாரு ஒருதரம் அவருடைய முகத்தைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஆணி கட்டின பல்பை எடுத்து, அதன் மற்ற வயரை ட்ரக்டர் இரும்பில் கொளுவிவிட்டு, பெட்டிக்குக் கீழே முதுகு நிலத்தில் படப் படுத்துவிட்டார்.

பஞ்சலிங்கம் மேலே இருந்து ஒவ்வொன்றாகப் போட, ஒரு வயரைத் தொட்டார், எரிந்தது. இரண்டாவது எரிந்தது. மூன்றாவதும் நாலாவதும் எரிந்தன.

“நாலும் சரி,” என்றார் கீழேயிருந்து. “நாலும் சரியெண்டா ஏன் எரியேல்லை?”

“அதைத்தானே நாங்களும் கேக்கிறம்,” என்றார் இளையதம்பி.

பஸ் வருகிற இரைச்சல் கேட்டது.

“இஞ்சருங்கோ, பஸ் வருகுது,” என்றார் கமலாவதி.

“போகட்டும்.”

பஸ் நின்றது. கொண்டக்டர் எட்டிப் பார்த்தார். கமலாவதி கையை ஆட்டி, போகச் சொன்னார். பஸ் போனது. பன்பையை இலுப்பை வேரில் வைத்துவிட்டுச் சாக்கை எடுத்துக்கொண்டார்.

முத்துக்குமாரு தவழ்ந்து முன்னுக்கு வந்தார். ட்ரக்டரையும் பெட்டியையும் கொளுவியிருக்கிற கொளுக்கியில் உள்ளங்கையை வைத்து எழும்பினார். எழும்பியவர் கையைப் பார்த்தார். கை வெள்ளியாகப் பளபளத்தது. கொளுக்கிக்கு, அதற்குள் போட்ட ஆணிக்கு, பெட்டியின் ஏர்க்காலுக்கு, எல்லாவற்றுக்கும் யாரோ புதிதாக வெள்ளி பெயின்ற் அடித்து, அதற்குமேல் கிறீசும் தாராளமாக அப்பியிருந்தார்கள்.

அவர் மெல்லத் திரும்பினார்.

“இளையதம்பியண்ணை, உங்கடை கையை ஒருக்காக் காட்டுங்கோ.”

இளையதம்பி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பின்னால் சாக்கோடு நின்ற கமலாவதிக்கு அவை வடிவாகத் தெரிந்தன. “விரலெல்லாம் வெள்ளி மோதிரம்!” என்றார் அவர்.

“சாமி காரியமெண்டு… மத்தியானம் கொஞ்சம் மினுக்கிவிட்டனான்,” என்றார் இளையதம்பி. குரல் பாதியாகிவிட்டது. “அத்தானுக்கு முதல் அமாவாசை. பெட்டி பளபளவெண்டு போகட்டுமெண்டு. அதுக்கும் லைற்றுக்கும் என்ன?”

“கரண்ட் போறதுக்கு நாலு வயர் இருக்கு அண்ணை. போனது திரும்பி வரவேணுமெல்லோ? அது இந்தக் கொளுக்கி இரும்பாலைதான் வாறது. நீங்கள் அதுக்குச் சட்டை போட்டுவிட்டியள். வரேலாமல் ஒண்டுக்குள்ளை ஒண்டு புகுந்து வலத்தைப் போட இடம் துடிக்குது.”

இளையதம்பி இனி வரப்போகிற ஏச்சுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பஞ்சலிங்கத்துக்கும் வாயில் நல்ல சொல் நாலு வந்துவிட்டது. அம்மான் என்று பார்க்கிற நேரமா அது? ஆனால் முத்துக்குமாரு கொளுக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பிழை என்ரை,” என்றார்.

“என்ன அண்ணை கதைக்கிறியள்? பெயின்ற் அடிச்சது—”

“பெயின்ற் இல்லாட்டிக் கறள் பிடிக்கும். கறள் இல்லாட்டிப் புழுதி. கொளுக்கியை நம்பினது என்ரை பிழை. மரக்கப்பலிலை இரும்பில்லை. திரும்பி வாறதுக்குத் தனிய ஒரு வயர் இழுப்பம். அதில்லாமல் ஒரு விளக்கும் எரியாது. இஞ்சை வந்து, எல்லாம் இரும்புதானே எண்டு நான் பஞ்சிப்பட்டு அந்த வயரை விட்டிட்டன்.”

இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் வருத்தமில்லை. வேலை இன்னதென்று தெரிந்துவிட்ட மனிதரின் முகம்.

“சுரண்டிவிட்டா இப்ப எரியும். அரைவழியிலை என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியாது. அக்காவுக்கு நான் தெரியாத ஒண்டைச் சொல்லேலாது. ஒரு வயர் போடுவம். ட்ரக்டரிலையிருந்து பெட்டிக்கு, இரண்டு முழம் காணும்.”

“வயர் முடிஞ்சுதெண்டெல்லோ சொன்னியள்,” என்றார் கமலாவதி.

முத்துக்குமாரு கொட்டிலுக்குள் போனார். மூலையில் சாத்தியிருந்த தன் பழைய சைக்கிளை வெளியே உருட்டி வந்தார். டைனமோவிலிருந்து பின்லைற்றுக்குப் போகிற வயரையும் முன்லைற்றுக்குப் போகிற வயரையும் கழற்றினார். இரண்டையும் ஒன்றாக முறுக்கினார். மெல்லிய வயர் என்றாலும் இரட்டையாக முறுக்கினால் தாங்கும். அந்தச் சிவப்பு லைற்றைப் பஞ்சலிங்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அதே சைக்கிள், அதே மட்காட். சாவியைப் பிடி என்றால் பிடித்தார், குறட்டைத் தா என்றால் கொடுத்தார்.

ஒரு நுனியை ட்ரக்டரின் உடம்பில் சுரண்டி முறுக்கி, மறு நுனியைப் பெட்டியின் சட்டத்தில் சுரண்டி முறுக்கினார். பிறகு, “கமலாவதி, சாக்கை அண்ணையிட்டைக் குடு,” என்றார்.

இளையதம்பி ஒரு கணம் யோசித்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக் குந்தி, வெங்காயச் சாக்கைத் தலைக்கு மேல் போர்த்துக்கொண்டார்.

“வலம்!” என்றார் முத்துக்குமாரு ட்ரக்டரிலிருந்து.

சாக்குக்குள் மௌனம்.

“என்னண்ணை, நித்திரையோ?”

“எரியுதடா! வலந்தான் எரியுது! இடம் சும்மா கிடக்குது! பிறேக்கை அமத்து. ஐயோ, கண்ணைக் குத்துது!”

ரோட்டில் போன சனம் நின்று பார்த்தது. இளையதம்பி சாக்கை எடுக்கவேயில்லை. மேடு பள்ளத்தில் மூன்று சுற்று ஓடி வந்தபிறகும், திரும்பக் குந்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். இனி வீட்டுக்குப் போவோம் என்று பஞ்சலிங்கம் சொன்னபோது, “ஒருக்காக் காணாது. இன்னொருக்காப் பாப்பம்,” என்றார்.

விடியப்புறம் நாலரை மணிக்குப் பஞ்சலிங்கத்தின் படலையடியில் பெட்டி நின்றது. பதினெட்டுப் பேரும் ஏறிவிட்டார்கள். குணலட்சுமி செருப்பைப் போட்டுக்கொண்டு, எள்ளு முடிச்சோடு படலைக்கு வெளியே நின்றார். முத்துக்குமாருவும் கமலாவதியும் பையோடு வந்து சேர்ந்தார்கள்.

“தம்பி, எரியுதோ?”

“எரியுது அக்கா. வந்து பாருங்கோ.”

அவரைக் கையில் பிடித்துப் பின்னுக்குக் கூட்டிப்போனார். பஞ்சலிங்கம் மேலே இருந்து ஒவ்வொன்றாகப் போட்டார். அந்தச் சிவப்பு குணலட்சுமியின் வெள்ளைச் சேலையில் விழுந்தது. அவர் அதைக் கன நேரம் பார்த்தார்.

“நேற்று இவங்களாலை உங்கடை பஸ்ஸும் போட்டுதாமே. இப்ப எங்கை போறியள்?”

“எனக்கும் உந்தப் பக்கந்தான் வேலை,” என்றார் முத்துக்குமாரு.

குணலட்சுமி சிரித்தார். நமசிவாயம் போனபிறகு அம்மா சிரித்து அன்றைக்குத்தான் பஞ்சலிங்கம் கேட்டார். செருப்பைக் கழற்றிப் படலைக்கு உள்ளே எறிந்துவிட்டு, கமலாவதியின் தோளைப் பிடித்து அவர் பெட்டியில் ஏறினார்.

முத்துக்குமாரு பெட்டியின் கடைசியில், கால் இரண்டையும் வெளியே தொங்கப் போட்டு, பின்பக்கம் பார்த்து இருந்துகொண்டார். சுன்னாகம் தாண்ட ஒரு லொறி பின்னால் இரைந்துகொண்டு வந்தது. பஞ்சலிங்கத்தின் கை சுக்கானில் இறுகியது. லொறி சிவப்பைக் கண்டது, வேகத்தைக் குறைத்தது, ஆறுதலாக அகலமாக விலத்திக்கொண்டு போனது. இளையதம்பி எழும்பி நின்று அதற்குக் கையைக் காட்டினார், தானே வழி விட்டவர்போல.

“அம்மா என்ன செய்யிறா?” என்று பஞ்சலிங்கம் திரும்பாமலே கேட்டார். அதே பயமாக்கும், சட்டத்தைப் பிடித்தபடி இருக்கிறாராக்கும் என்று நினைத்திருந்தார்.

“சத்தம் போடாதை,” என்றார் கமலாவதி. “என்ரை தோளிலை நித்திரை.”

கீரிமலையில் விடிந்தது. பஞ்சலிங்கம் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். பதினெட்டுப் பேரும் இறைத்தார்கள். முத்துக்குமாரு கேணியில் மூழ்கி எழும்பி, ஈர வேட்டியோடு கல்லைத் தாண்டிக் கடலுக்குள் முழங்கால் மட்டும் இறங்கினார். தகப்பனுக்குத் தண்ணீரை அங்கேதான் விட்டார். பிறகு எல்லோருமாக நகுலேசரைக் கும்பிட்டுக்கொண்டு வெயில் ஏறமுன் வீடு வந்தார்கள்.

அதோடு முத்துக்குமாரு ஆறியிருக்கலாம். ஆறவில்லை. வயர் கிடைக்கக் கிடைக்க, தான் முன்னம் வேலை செய்த பெட்டிகளையெல்லாம் தேடிப் போனார். கோண்டாவில், ஊரெழு, நீர்வேலி, அச்செழு எனப் பதினேழு பெட்டி. ஒவ்வொரு படலையிலும் நின்று, “நான் விட்ட பிழை ஒண்டு கிடக்கு. ஒருக்காத் திருத்தவேணும்,” என்று சொல்லி, ஐந்தாவது வயரைப் போட்டுவிட்டு வந்தார். எரிகிற லைற்றுக்கு ஏன் வயர் என்று கேட்டவர்களும் உண்டு. பிழையைத் தானே வந்து சொல்கிற மெக்கானிக்கைக் கண்டு பயந்தவர்களும் உண்டு. அவர் போட்டுவிட்டுத்தான் வந்தார். அவருடைய சைக்கிளுக்குமட்டும் எட்டு மாதம் லைற் இல்லை. பொழுது படமுன் வீட்டுக்கு வந்துவிடுவார்.

அந்த வயருக்குப் பெயர் வைத்தவர் இளையதம்பி. யார் புதுப் பெட்டி எடுத்தாலும் போய்க் குனிந்து பார்ப்பார். “கப்பல் வயர் போட்டாச்சோ? கப்பல் வயர் இல்லாமல் ரோட்டிலை ஏத்தாதை. எனக்குத் தெரியும் உந்த விசயம்,” என்பார். ஊரிலே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

எழுபத்தெட்டில் குணலட்சுமி சிவபதம் அடைந்தார். அடுத்த வருசம் ஆவணியில் பஞ்சலிங்கம் கிளிநொச்சிப் பக்கம் வயல் எடுத்து, குடும்பத்தோடு போக வெளிக்கிட்டார். கட்டில், உரல், நெல்லுப்பெட்டி, சாமிப்படம் எல்லாம் பெட்டியில் ஏறின. சந்தியால் போகும்போது இலுப்பையடியில் நிறுத்தாமல் போக முடியுமா?

முத்துக்குமாருவுக்கு அப்போது காலில் வாதம். எழும்பி நிற்க ஆள் பிடிக்கவேண்டும். ஆனாலும் கதிரையைப் பெட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கச் சொல்லி, அதில் இருந்துகொண்டு சாக்கைக் கேட்டு வாங்கினார். கமலாவதி குனிந்து கப்பல் வயரை இழுத்துப் பார்த்தார். வலம், இடம், பிறேக், பின்லைற். மூன்று சுற்று ஓட்டவும் சொன்னார் முத்துக்குமாரு. சாமான் பாரத்தோடு பஞ்சலிங்கம் மூன்று சுற்றும் ஓட்டினார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்கள்.

அடுத்த தையில், பொங்கல் கழிந்து நாலாம் நாள், முத்துக்குமாரு போய்விட்டார். இளையதம்பியின் கடிதம் கிளிநொச்சிக்குப் போய்ச் சேர எட்டாம்நாள் சடங்கும் முடிந்துவிட்டது. ஆகவே பஞ்சலிங்கம் அவரைக் கடைசியாகக் கண்டது அந்த ஆவணி மத்தியானந்தான்.

அன்று, மூன்று சுற்றும் முடிந்து ட்ரக்டர் இரைந்துகொண்டு நின்றது. பஞ்சலிங்கம் இறங்கி வந்து அவருடைய காலைத் தொட்டார். ஏறி, ஓட்டத் தொடங்கி, சந்தி திரும்புமுன் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொருதரம் பார்த்தார். கமலாவதி பக்கத்தில் நிற்க, முத்துக்குமாரு நடு ரோட்டில் கதிரையில் இருந்தபடி, சாக்கைத் தலைக்குமேலே தூக்கி ஆட்டினார். அந்தக் குரல் எஞ்சின் இரைச்சலையும் தாண்டி வந்தது.

“என்னத்துக்கடா திரும்பித் திரும்பிப் பாக்கிறாய்? பின்னுக்கு எல்லாம் எரியுது. நீ போட்டு வா!”